இரண்டு படைகளுக்கு நடுவே டார்கஸ்

டார்கஸ் ஹேவிலண்ட் பயந்தவள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிலர் உயரமாகப் பிறக்கிறார்கள், சிலர் பயத்தோடு பிறக்கிறார்கள். என் சித்தப்பா மகன் ஜோதமுக்கு வாக்கப்பட்டு எங்கள் ஊருக்கு வந்த புதிதில், வாத்துக் கூட்டத்தைக் கண்டாலே வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். ஜோதம் சிரிப்பான்.

"வாத்து கடிச்சு யாரும் செத்ததில்ல, டார்கஸ்."

"முதல் ஆளு நானா இருந்துட்டா?" என்பாள். அதைக்கூடச் சிரிக்காமல்தான் சொல்வாள்.

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே, குதிரையில் போனால் ஒரு பகல் தூரத்தில் எங்கள் ஊர். கல்லும் ஆப்பிள் மரமும் நிறைந்த மேட்டு நிலம். பாதிப் பேர் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். நாங்கள் ஆயுதம் எடுப்பதில்லை, சத்தியம் செய்வதில்லை, எவருக்கும் தொப்பியைக் கழற்றுவதில்லை. கவர்னரே எதிரே வந்தாலும் எங்களுக்கு அவர் 'நீ'தான். கடவுளையே நீ என்று அழைக்கிறோம், மனிதனுக்கு எதற்கு அதற்கு மேல் ஒரு மரியாதை? சண்டை இல்லாத நாளில் மற்றவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். சண்டை வந்ததும் இதற்காகவே அடித்தார்கள்.

முதலில் வந்தது துப்பாக்கி அல்ல, தேயிலை. இங்கிலாந்து ராஜா வரி போட்ட தேயிலையை யாரும் தொடக்கூடாது என்று ஊர்க்குழு ஒன்று கிளம்பியது. வீடு வீடாக வந்து கையெழுத்துக் கேட்டார்கள். ஜோதமின் வாசலுக்கும் வந்தார்கள்.

"தேயிலை வேண்டாம்னா விட்டுடறோம். கையெழுத்து மட்டும் கேக்காத" என்றான் ஜோதம்.

"கையெழுத்துப் போடாதவன் ராஜாவோட ஆளு."

"நான் யாரோட ஆளும் இல்ல."

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த ஒரு வார்த்தை டார்கஸுக்குப் போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து அவள் வீட்டுக் கதவு பகலிலும் தாழிட்டே இருந்தது. பிறகு ஒரு நாள் சந்தைக்கு வெண்ணெய் கொண்டு போன இடத்தில், எல்நேத்தன் கிரம் என்ற நெசவுக்காரரைப் பார்த்தாள். ராஜாவுக்காக ஜெபம் பண்ணினார் என்பது அவர் மேல் குற்றம். சட்டையைக் கிழித்து, கொதிக்கும் தாரை ஊற்றி, கோழி இறகை ஒட்டி, ஒரு கழியில் குறுக்கே உட்கார வைத்துத் தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கியவர்களில் இருவர் டார்கஸிடம் வாராவாரம் வெண்ணெய் வாங்குகிறவர்கள். ஒருவன் அவளைப் பார்த்துத் தலையசைத்து வணக்கம் சொன்னானாம். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஜோதமின் தம்பி சேத் வேறு மாதிரி. காலனிகளின் மாநாட்டார் இங்கிலாந்திடமிருந்து விடுதலை அறிவித்த செய்தி வந்த கோடையில், ராஜாவை எதிர்க்கும் படையில் போய்ச் சேர்ந்துவிட்டான். சபை அவன் பெயரை நீக்கியது. ஜோதம் தம்பியை வழியனுப்பக்கூட வெளியே வரவில்லை. டார்கஸ்தான் பின்வாசல் வழியாகச் சோள ரொட்டியைத் துணியில் கட்டிக் கொடுத்து, "போகாத தம்பி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

அந்த வருடம் இலையுதிர் காலத்திலேயே சண்டை எங்கள் வயல்களுக்கு வந்தது. பீரங்கிச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி உதிர்ந்தது. பிறகு படைகள் இரண்டும் நகர்ந்துவிட்டன. தேசப் படை வடக்கே மலைகளில், ராஜாவின் படை தெற்கே நகரத்தில். நடுவில் நாங்கள். சட்டம் இல்லை, காவல் இல்லை, யாரிடம் போய் முறையிடுவது என்றும் தெரியாது. குதிரைக் கூட்டங்கள் வர ஆரம்பித்தன. ராஜாவின் பெயரைச் சொல்லி மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு 'மாட்டுக்காரர்கள்' என்று பெயர். தேசத்தின் பெயரைச் சொல்லி உடுத்திய துணி வரைக்கும் உருவிக்கொண்டு போகிறவர்களுக்கு 'தோலுரிப்பவர்கள்'. இரண்டு கூட்டமும் வாசலில் நின்று கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"நீ யார் பக்கம்?"

கேட்பவர்கள் தாங்கள் யார் பக்கம் என்று சொல்ல மாட்டார்கள். சட்டையைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. செத்தவனிடமிருந்து உரித்ததைப் போட்டிருப்பார்கள். மில் சாலையில் ஒரு வயதானவர் தேசப் படை பக்கம் என்றார். காதை அறுத்துவிட்டுப் போனார்கள். அதைக் கேள்விப்பட்ட அடுத்த வீட்டுக்காரர் ராஜா பக்கம் என்றார். அன்றைக்கு வந்தவர்கள் மற்றவர்கள்.

டார்கஸ் பசுக்களின் கழுத்து மணிக்குள் துணியை அடைத்தாள். புகை தெரியக்கூடாது என்று பகலில் அடுப்பு மூட்டுவதை நிறுத்தினாள். மகள் ரோடாவுக்கு ஆறு வயது, கைக்குழந்தை ஏமஸ் இன்னும் நடக்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் கிசுகிசுப்பிலேயே வளர்த்தாள். ரோடா பக்கத்துப் பண்ணையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தால், "பேஷன்ஸ் அத்தை, இங்க சத்தமாப் பேசலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசும்.

இனி நான் சொல்வது டார்கஸ் பிற்பாடு எனக்குச் சொன்னது.

பனி விழ ஆரம்பித்த ஒரு காலையில் சேத் ஆப்பிள் தோட்டத்து வழியாகத் தள்ளாடிக்கொண்டு வந்தான். தோளில் துப்பாக்கி. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கதவைத் திறந்தவளிடம், "அண்ணி, நீங்க கிட்ட வராதீங்க. முகாம்ல அம்மை" என்றான். அவள் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவளை நீ என்றே பேசியவன், படையில் நீங்க என்று பழகியிருந்தான். அந்த ஒரு சொல்லில் அவன் யாரோ ஆகிவிட்ட மாதிரி இருந்ததாம் அவளுக்கு. ஜோதம் தம்பியைத் தோளில் சாய்த்து மாடிக்கு ஏற்றிப் படுக்க வைத்தான். இரண்டு நாளில் முகத்தில் முத்து போட்டது.

நாலாம் நாள் மதியம் குதிரைகள் வந்தன. எச்சரிக்க நாய் இல்லை; அதை முந்தின மாதமே யாரோ சுட்டுவிட்டார்கள். ஜோதம் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். ஒருவன் பச்சைச் சட்டை, ஒருவன் நீலச் சட்டை, மற்றவர்கள் எங்களைப் போலவே குடியானவர் உடுப்பு. தலைவன் செம்பட்டை முடிக்காரன், சிரித்த முகம்.

"என்ன பெரியவரே, குளிரு எப்படி? நீ யார் பக்கம்?"

"நான் குவேக்கர். யார் பக்கமும் இல்ல."

"பக்கம் இல்லாத மனுஷன் உண்டா? செல்லாக் காசுக்கே ரெண்டு பக்கம் இருக்கு."

"நான் காசு இல்ல" என்றான் ஜோதம்.

கைத்துப்பாக்கியின் கட்டையால் நெற்றியில் ஒரு அடி. ஜோதம் விறகுக் குவியல் மேல் விழுந்தான். தலைவனுடைய சிரிப்பு அப்படியே இருந்தது. வாசலில் ஏமஸை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற டார்கஸின் பக்கம் திரும்பினான். ரோடா அவள் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்திருந்தது.

"நீங்க சொல்லுங்கம்மா. வீட்டுக்குள்ள வேற யாரு?"

எங்கள் சபையில் பொய் கூடாது. ஆனால் வாயை மூடிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. ஜோதம் கீழே கிடந்தபடி அவளையே பார்த்தான், பேசாதே என்று.

"மேல என் கொழுந்தன் படுத்திருக்கான்" என்றாள் டார்கஸ். "பேரு சேத். படையிலேருந்து வந்தான். அவனுக்கு அம்மை. வேணும்னா நீ போய்ப் பாரு."

"என்னையே 'நீ'ங்கறாளே?" என்றான் தலைவன். பின்னால் யாரோ சிரித்தான். "எந்தப் படை?"

"ராஜாவை எதுக்கற படை."

ஜோதம் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் துணிந்து உண்மை சொன்னாள் என்று ஊரில் பிறகு பேசிக்கொண்டார்கள். நான் அவளிடமே கேட்டேன். "துணிச்சலா? பொய் சொல்லணும்னா யோசிக்கணும் அக்கா. யோசிக்கத் தெம்பு வேணும். எனக்கு இருந்த பயத்துல உள்ள இருந்தது அப்படியே வெளிய வந்துடுச்சு" என்றாள்.

அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் குதிரைகள் தாமாகவே பின்வாங்கிய மாதிரி இருந்தது. ஆனால் ஒருவன் மட்டும் இறங்கினான். முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு.

"எனக்கு வந்து போயிடுச்சு. நான் பாத்துட்டு வரேன்" என்று அவளை ஒதுக்கிவிட்டு உள்ளே போனான்.

மாடிப்படி ஒவ்வொன்றாக முனகியது. பிறகு சத்தமே இல்லை. சேத்தின் துப்பாக்கி கட்டில் ஓரத்தில் சாய்த்து வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். யார் முதலில் எடுப்பார்கள், வெடி எப்போது கேட்கும் என்று காத்து நின்றாள். "நின்ன எடத்துலயே பாவாடை நனைஞ்சு போச்சு அக்கா. ரோடா தலையெல்லாம் ஈரம். அது கூட அழல" என்றாள் பிற்பாடு.

தழும்பு முகக்காரன் இறங்கி வந்தான். சேத்தின் துப்பாக்கி அவன் தோளில் இருந்தது.

"அம்மைதான். அவனைத் தூக்கிட்டுப் போனா, நாம யாரும் ஊர் போய்ச் சேர மாட்டோம்."

"அந்தத் துப்பாக்கி?" என்றான் தலைவன்.

"இதுக்கு அம்மை வராது."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன், வீட்டைக் கொளுத்திவிடலாமா என்று கேட்டான். "விடு, நேரமாச்சு. இருட்டறதுக்குள்ள பாலத்தைத் தாண்டணும்" என்றான் தலைவன். அந்த வீடு இன்றும் நிற்பதற்குக் காரணம் அவ்வளவுதான். பசுக்களை அவிழ்த்துக்கொண்டார்கள். ஜோதமின் கையைக் கட்டி அவற்றின் பின்னாலேயே நடக்க வைத்தார்கள்.

"தம்பி வர முடியாது, அண்ணன் வரட்டும். நகரத்துல ராஜாவோட சிறை காலியாத்தான் இருக்கு" என்றான் தலைவன். அப்போதுதான் அவர்கள் யார் பக்கம் என்று தெரிந்தது.

பிள்ளைகளோடு அவள் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். வேலிக்கு வெளியே நின்று, "கிட்ட வராத அக்கா, எங்க வீட்டுல அம்மை" என்றாள்.

"எனக்குச் சின்ன வயசுலயே வந்துடுச்சு. வா உள்ள."

வரவில்லை. நான்தான் அவளோடு போனேன். சேத் பிழைத்தான். அவன் எழுந்து உட்கார்ந்த வாரத்தில் டார்கஸ் விழுந்தாள், அடுத்து ஏமஸ். ரோடாவுக்கு மட்டும் நாலைந்து முத்தோடு போயிற்று. ஏமஸுக்கு வாய்க்குள்ளும் போட்டிருந்தது. பால் குடிக்க முடியவில்லை. அழக்கூடத் தெரியாத பிள்ளையாக வளர்ந்தவன், சத்தம் போடாமலேயே போய்விட்டான். பனியில் தரை இறுகிக் கிடந்தது. சேத், நிற்கவே தெம்பில்லாதவன், கடப்பாரையால் குத்திக் குத்திச் சபைக் கல்லறையில் சின்னதாக ஒரு குழி தோண்டினான். எங்கள் வழக்கப்படி கல் எதுவும் வைக்கவில்லை.

டார்கஸுக்கு நினைவு திரும்பியதும் நான்தான் சொன்னேன். "அவங்ககிட்ட உண்மையைச் சொன்னேன். அது அவங்களைத் துரத்திடுச்சு. அம்மையைத் துரத்தல" என்றாள்.

பனி உருகும் சமயத்தில் சபையிலிருந்து இருவர் விசாரிக்க வந்தார்கள். நீக்கப்பட்டவன் வீட்டில் தங்கினானா, துப்பாக்கி இருந்ததா என்று கேட்டார்கள். தழும்பு இன்னும் சிவந்திருந்த முகத்தோடு அவள் பதில் சொன்னாள். "கொழுந்தனும் இருந்தான். துப்பாக்கியும் இருந்துச்சு. ரெண்டையும் வெளிய தள்ள எனக்குத் தைரியம் இல்ல. தப்புன்னா என் பேரையும் எடுத்துடு." அந்தப் பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. சேத் மறுபடி படைக்கே போய்விட்டான்.

மே மாதம் ஒரு மதியம் நான் ரொட்டி கொண்டு போனபோது, அவள் வாசலில் தாடி வைத்த கிழவன் ஒருவன் விறகுக் கட்டை மேல் உட்கார்ந்திருந்தான். பாதத்தில் சாக்குத் துணி சுற்றியிருந்தது. பயந்து திரும்பப் போனேன்.

"பேஷன்ஸ் அக்கா" என்றது அந்த உருவம். ஜோதம்.

"ஏன்டா வெளிய உக்காந்திருக்க?"

"கதவைத் திறக்க மாட்டேங்கறா. என் குரலே மாறிப்போச்சாம். பரவால்ல, வெயில் நல்லாத்தான் இருக்கு."

நான் கூப்பிட்ட பிறகுதான் தாழ் நகர்ந்தது. சிறையில் பனி கடித்து அவனுக்குக் கால் விரல்கள் போயிருந்தன. ஏமஸைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் தொட்டிலைத்தான் தேடினான்.

அதன் பிறகும் சண்டை வருடக்கணக்கில் நடந்தது. குதிரைகள் வந்தன, போயின. எடுத்துப்போக அந்த வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்ததும் வருவது குறைந்தது. டார்கஸின் பயம் குறையவில்லை. எல்நேத்தன் கிரம் குடும்பத்தோடு கப்பலேறி வடக்கே நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார். சேத் முழுசாகத் திரும்பி வந்து பக்கத்து ஊரில் நிலம் வாங்கினான்.

ராஜாவின் கடைசிக் கப்பல் நகரத்தை விட்டுப் போன செய்தி வந்த அன்று, ஊர் மைதானத்தில் மாட்டை நெருப்பில் வாட்டி விருந்து வைத்தார்கள். பீப்பாய் பீப்பாயாக ஆப்பிள் மது. இளைஞர்கள் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் டார்கஸைத் தேடிப் போனேன். வீட்டில் இல்லை. கிழங்கு சேமிக்கும் நிலவறையின், தரையோடு படுத்த கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சேத் அதன் முன்னால் குந்தியிருந்தான்.

"அண்ணி, சண்டை முடிஞ்சுடுச்சு. நாம ஜெயிச்சுட்டோம். இனிமே எந்த ராஜாவும் கிடையாது."

உள்ளிருந்து அவள் குரல் வந்தது. "நல்லது தம்பி. அப்ப அவங்ககிட்ட சுடறதை நிறுத்தச் சொல்லு."

சேத் எழுந்து மைதானத்துக்குப் போனான். அவன் சொல்லி யார் கேட்பார்கள்? ஜோதம் நொண்டிக்கொண்டே வந்து, பழைய மேலங்கியை விரித்து நிலவறைக் கதவின் மேல் உட்கார்ந்துகொண்டான். உள்ளே டார்கஸும், பெரிய பெண்ணாகிவிட்ட ரோடாவும், மேலே அவன். நான் விருந்திலிருந்து ஒரு தட்டு இறைச்சி கொண்டு வந்து கொடுத்தேன். ஜோதம் நகர்ந்ததும் கதவை ஒரு கை அகலம் திறந்து, தட்டை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டாள். சூடு ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னேன். சரி அக்கா என்றாள்.