மகளின் படம் போட்ட கலண்டர்

அந்த மனிதர் என்னோடு கதைக்காமல் போனார். எனக்கு முதலில் நெஞ்சுக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டது அன்றைக்குத்தான்.

மொன்றியலில் என்னோடு கதைக்காமல் போகிற ஆள் குறைவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இங்கே வந்து இறங்கியபோது போன்ஜூர் என்ற ஒரு பிரெஞ்சுச் சொல்தான் கைவசம் இருந்தது. எட்டு வருடம் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினேன். பேந்து வில்லரேயில் ஒரு பலசரக்குக் கடை, அதற்குப் பிறகு லாசாலில் இன்னொன்று, ரொக்ஸ்பரோவில் ரெயில் சத்தம் கேட்கிற தூரத்தில் சொந்த வீடு. வந்த கடதாசி ஒன்றையும் நான் முழுக்க வாசித்ததில்லை. கொண்டு வந்த ஆளின் முகத்தைப் பார்ப்பேன், கையெழுத்து வைப்பேன். அப்படித்தான் இவ்வளவுக்கு வந்தேன், பிழைத்ததே இல்லை என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லுவேன்.

எங்கள் கடைசி மகள் கரப்பந்து விளையாடுகிறவள். அப்போது சீஜெப்பில் முதல் வருடம். பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் கியூபெக்கில் அப்படி ஒரு படிப்பு இருக்கிறது. வலைக்கு மேலே அவள் எழும்பினால் கொஞ்ச நேரம் இறங்கமாட்டாள் என்று தோன்றும். அந்த மாரியில் மண்டபத்தில் அவள் விளையாடுகிறதைப் பார்க்க அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் கோச் வந்திருந்தார். கறுப்புக் கோட்டு, கையில் சின்னக் கொப்பி. சுவரோடு தனியே நின்று எழுதிக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டிக்கொண்டு போனேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மற்றப் பக்கம் நடந்துவிட்டார்.

காரில் வரும்போது எனக்குக் கொதி அடங்கவில்லை. மகள்தான் விளங்கப்படுத்தினாள். அன்றைய கடைசி ஆட்டம் முடியும்வரை அவர் பார்க்கலாம், கதைக்கக்கூடாது. அவளோடும் கூடாது, பெற்றோரோடும் கூடாது. அங்கே விளையாட்டுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிறதுக்குப் பெரிய சட்டப் புத்தகமே இருக்கிறதாம். அந்தச் சட்டங்களைச் சுருக்கிய கொப்பி ஒன்றை இரண்டு வருடத்துக்கு முன்னமே என்னிடம் தந்ததாகவும், நான் கையெழுத்து வைத்துத் திருப்பிக் கொடுத்ததாகவும் சொன்னாள். எனக்கு ஞாபகமில்லை.

"ஒருத்தரிட்டையும் ஒண்டும் வாங்கக்கூடாதப்பா. சப்பாத்துக்கூட."

"நான் வாங்கிற ஆளே பிள்ளை? குடுக்கிற ஆளெல்லோ" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மார்கழியில் எங்கள் கடைகளில் சாமான் வாங்குகிற எல்லோருக்கும் கலண்டர் கொடுப்போம். மேலே பெரிய படம், கீழே நாளுக்கொரு தாளாகக் கிழிக்கிற கட்டு, ராகுகாலம், திதி எல்லாம் இருக்கும். முதல் வருடங்களில் பிள்ளையார், முருகன். பிறகு கடை வாசலில் நான் நிற்கிற படம். அந்த வருடம் மகளைப் போட யோசித்தேன். மனைவி, மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் பட்டுப் பாவாடையோடு எடுத்த படத்தைப் போடச் சொன்னாள். நான் கேட்கவில்லை. ஜேர்சியோடு வலைக்கு மேல் எழும்பி நிற்கிற படத்தை எடுத்து, கீழே கடைப் பெயரைச் சிவப்பில் போட்டு, 'எங்கள் அரிசி, எங்கள் வெற்றி' என்று நானே வசனமும் சொல்லிக் கொடுத்தேன். ரொறன்ரோவில் அச்சடித்துப் பெட்டி பெட்டியாக வந்தது. மகளுக்குச் சொல்லவில்லை. பார்த்ததும் துள்ளுவாள் என்று நினைத்தேன்.

அவள் படத்தைக் கனநேரம் பார்த்தாள். "ஏனப்பா என்னைக் கேக்கேல்லை?" என்றாள். வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சொந்தப் பிள்ளையின் படத்தைச் சொந்தக் கலண்டரில் போட யாரைக் கேட்க வேண்டும்? அவளுக்கும் அந்தச் சட்டக் கொப்பியில் என்ன எழுதியிருந்தது என்று அப்போது சரியாக ஓடவில்லை. பெட்டிகள் இரண்டு கடைக்கும் போய்விட்டன.

தை பிறந்த பிறகு எங்கே போனாலும் அவள் இருந்தாள். முடிவெட்டுகிற இடத்தில், கோயில் மடைப்பள்ளியில், ஒரு செத்தவீட்டுக்குப் போனால் அங்கேயும் குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் அந்தச் செத்தவீட்டில், அழுகிற சத்தத்துக்கு நடுவே அவளைப் பார்த்தபோது, ஏனோ கெதியாக வெளியே வந்துவிட்டேன்.

தை முடிய முதல் கோச் எங்கள் வீட்டுக்கே வந்தார். இந்தமுறை கதைக்கச் சட்டம் இடம் கொடுத்தது. வடை இரண்டு சாப்பிட்டார். முழுப் புலமைப்பரிசில், படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கல்லூரி பார்க்கும் என்றார். நான் பேனையைத் தேடினேன். அவர் சிரித்துவிட்டு, கையெழுத்து இப்போது இல்லை, அவள் விளையாடத் தகுதியானவள் என்று அதற்கென்று அமெரிக்காவில் இருக்கிற கந்தோர் முதலில் சொல்ல வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் எங்களிடம் இல்லை. அரிசி மூட்டை ஒன்றைத் தூக்கினேன், வேண்டாம் என்றார். சும்மா கலண்டர்தானே என்று ஒன்றைச் சுருட்டி ரப்பர் போட்டுக் கொடுத்தேன். மரியாதைக்கு விரித்துப் பார்த்தார். வாயில் சிரிப்பு அப்படியே நின்றது, கண்ணில் போய்விட்டது. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று மகளைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். கோயில் கலண்டர் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியாது. அவள் ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கிலீசில் சொன்னாள்.

அவர் கலண்டரைத் திரும்பச் சுருட்டினார். ரப்பரை இரண்டு சுற்றுச் சுற்றி மேசையில் வைத்தார். பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினார். வீட்டு உடுப்போடு, வீட்டுப் பிள்ளையாகப் போட்டிருந்தால் பிழையில்லை. விளையாட்டுக்காரியாகக் காட்டிச் சாமான் விற்றதுதான் பிழை. இது என் கடை, நான் தகப்பன் என்றேன். கடை கடைதான் என்றார். கண்டதை அறிவிக்காவிட்டால் அவரும் மாட்டுவாராம். சப்பாத்தைக் குனிந்து கட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனார். பாதி வடை தட்டில் இருந்தது. மனைவி என்னைப் பார்க்காமல், "நான் பாவாடைப் படத்தைப் போடச் சொன்னனான்" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையை எடுத்ததே இல்லை. எடுத்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த நாளிலிருந்து கலண்டர்களைத் திரும்ப வாங்கப் புறப்பட்டேன். மாற்றிக் கொடுக்க வேறு கடைக்காரரின் லட்சுமி படக் கலண்டர்கள் கொண்டுபோனேன். என் கையால் இன்னொருத்தன் கடைக்கு விளம்பரம். "பிள்ளையின்ரை வடிவான படம், ஏனண்ணை கழட்டுறியள்?" என்று கேட்டார்கள். ஒரு அம்மா தரவேமாட்டேன் என்றுவிட்டா. புருசனின் திவசத் தாளில் பேனையால் அடையாளம் போட்டு வைத்திருந்தா. காரின் பின்பெட்டி நிறைந்தது. ஆனால் எத்தனை வீடு என்று எனக்கே தெரியாது. யார் யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதி வைக்கிற வழக்கம் இல்லையே.

அந்தக் கந்தோரிலிருந்து மகளுக்குப் படிவம் வந்தது. உங்கள் படத்தை வைத்து யாராவது வியாபாரம் செய்தார்களா என்று ஒரு கேள்வி. இல்லை என்று போடு, எல்லாத்தையும் நான் துடைத்துப் போடுவேன் என்றேன்.

"அவர் பாத்திட்டார் அப்பா. பாக்காட்டிலும் நான் அப்பிடி எழுதமாட்டன்."

ஓம் என்ற பெட்டியில் அடையாளம் போட்டாள். அவளுக்குத் தெரியாமல் நான் செய்தது என்று என்னிடமிருந்து ஒரு கடிதமும், கலண்டரில் ஒரு பிரதியும் கேட்டார்கள். கடிதத்தை அவள் எழுதினாள். அன்றைக்குத்தான் ஒரு கடதாசியை, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு விளங்கி, கையெழுத்து வைத்தேன்.

பிறகு கந்தோரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எங்கள் குசினிக் கலண்டரை மட்டும் அவள் கழட்டவிடவில்லை. காலையில் பஸ்ஸுக்குப் போக முதல் படத்தை நிமிர்ந்து பாராமல் ஒரு தாள் கிழிப்பாள். அந்தக் கிழிக்கிற சத்தத்துக்கு நான் படுக்கையில் கிடந்து காத்திருப்பேன். பனி கரைந்தது. கட்டு மெலிந்துகொண்டு வந்தது.

வைகாசியில் பதில் வந்தது. தகுதி உண்டு, முதல் சில ஆட்டங்களில் மட்டும் இறங்கக்கூடாது. மனைவி சாமிப்படத்துக்கு விளக்குக் கொளுத்தினாள். நான் கடைக்குப் போன் போட்டு எல்லோருக்கும் சொல்லச் சொன்னேன். பின்னேரம் கோச் மகளுக்குப் போன் எடுத்தார். இவ்வளவு நாளும் இடத்தை வைத்திருக்க முடியாமல் போய்விட்டதாம், வேறு பிள்ளை கையெழுத்து வைத்துவிட்டதாம். அடுத்த வருடம் பார்ப்போம் என்றாராம். அடுத்த வருடம் அவர் எடுக்கவில்லை.

மகள் இங்கேயே படித்தாள், இங்கேயே விளையாடினாள், நன்றாகத்தான் விளையாடினாள். அந்தச் சட்டத்தை இப்போது தளர்த்திவிட்டார்களாம், படம் போட்டு உழைக்கிற பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்களாம். கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். ஓமோ என்றேன், தராசில் பருப்பை நிறுத்தேன்.

குசினிக் கலண்டரில் அந்த வருடத்துக் கடைசித் தாளையும் அவள்தான் கிழித்தாள். கீழே வெறும் மட்டை, மேலே அவள் எழும்பி நின்றாள். புதுக் கலண்டர் மாட்ட ஆணியிலிருந்து அதைக் கழட்டப் போனேன். புது வருடத்துக்குப் படமாகத் திரும்பவும் பிள்ளையார்தான்.

"அது இருக்கட்டும் அப்பா" என்றாள். "மற்றதை வேறை ஆணியிலை கொழுவுங்கோ."

வேறு ஆணி அடித்தேன்.