ரெண்டு தட்டு

டிவி மல்யுத்தத்த டுபாக்கூர்னு சொல்றவங்களோட நான் இன்னிக்கும் சண்டைக்குப் போவேன். யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சிக்கிறாங்க, ஒத்துக்கறேன். ஆனா ஆளு ஒசரத்துக்கு மேல இருந்து பலகையில படார்னு முதுகு அடிக்க விழறானே, அது எந்த ஊரு டுபாக்கூரு? எங்க, நீ ஒரு தபா விழுந்து காட்டு பாப்போம். சாத்தாங்காட்டு டீக்கடையில எவனாவது இந்தப் பேச்ச எடுத்தா, நான் கிளாஸக் கீழ வச்சிட்டுதான் பதில் சொல்லுவேன்.

நாங்க "நம்மாளு"ன்னு சொல்றது அந்தச் சண்டையில வர்ற ஒரு வெள்ளைக்காரன. எங்க திருவொத்தியூர்னு ஒரு ஊரு இருக்கறதே அவனுக்குத் தெரியாது. இருபது வருஷத்துக்கு மேல ஆடினான், பெரிய பெல்ட் ஒண்ணு கூட அவன் இடுப்புல ஏறல. தோக்கறதுதான் அவனுக்குக் குடுத்த வேல. புதுசா வந்த ஒருத்தனப் பெரியாளாக்கணும்னா, மொதல்ல நம்மாளத் தூக்கிப் போட வைப்பாங்க. நம்மாளு காத்துல ஒரு சுத்து சுத்தி விழற விழுகையில, அந்தப் புதுப்பையன் மகா பலசாலின்னு ஜனம் நம்பிடும். கைதட்டல் பூரா அந்தப் பையனுக்கு. நம்மாளு இடுப்பத் தடவிக்கினே உள்ள போயிடுவான். பெட்டிக்கடையில வித்த மல்யுத்த கார்டுக் கட்டுல அவன் படம் கூட இருக்காது. அவ்ளோதான் அவனுக்கு மரியாத.

அவன எனக்குக் காட்டினது என் தோஸ்து. அப்ப எங்க ரெண்டு பேருக்கும் இருபது வயசு இருக்கும். இரும்பு மார்க்கெட்டுல ஆளுக்கொரு லாரியில கிளீனரா இருந்தோம். ஞாயித்துக்கிழம காலையில அண்ணாச்சி மளிகைக் கடை டிவியில சண்ட பாப்போம். அண்ணாச்சிக்கு தூத்துக்குடிப் பக்கம். சர்ச்சுல ஆராதனைக்குப் போக வெள்ளச் சட்ட மாட்டிக்கினு, ஒரு கண்ணு கடிகாரத்துல, ஒரு கண்ணு டிவியிலன்னு உக்காந்திருப்பாரு. அவருக்கு ஜெயிக்கறவனத்தான் புடிக்கும்.

ஒரு நாளு தோஸ்து என் தொடையில பட்டுனு அடிச்சான். "மாமு, அந்தக் கையப் பாரு! நம்மாளு ஒருத்தனத் தூக்கறதுக்கு முன்னாடி அவன் முதுகுல ரெண்டு தட்டு தட்றான். அவன் திருப்பி ரெண்டு தட்டு தட்னாதான் தூக்கறான்."

எனக்குச் சிலிர்த்துப் போச்சு. வேற எவன் கண்ணுலயும் அது பட்டிருக்காது, கிளீனர் கண்ணுலதான் படும். வண்டி ரிவர்ஸ் எடுக்க சொல்ல பின்னாடி நின்னு பாடியில தட்றது நாங்கதான். ஒரு தட்டுன்னா நில்லு. ரெண்டு தட்டுன்னா போலாம், ரைட். வண்டிக்கு அடியில ஆளு இருக்கலாம், டயர் பக்கத்துல கொழந்த நிக்கலாம், உள்ள உக்காந்திருக்கற டிரைவருக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு தட்டு கேக்காம வண்டிய எடுக்கறவன் டிரைவரே இல்லன்னு எங்களுக்கு அடிச்சி சொல்லிக் குடுத்திருந்தாங்க.

அந்த வருஷம் காணும் பொங்கலுக்கு எங்க தெருவுல நாங்களே மல்யுத்தம் போட்டோம். மண்ணு ரொப்பின நாலு டிரம்முல கம்பி நட்டு, ஹார்பர்ல கழிச்சிப் போட்ட கப்பல் கயித்தச் சுத்திக் கட்டி, நடுவுல பனியன் வேஸ்ட் ரொப்பின சாக்கு பரப்பினோம். சாக்கு அண்ணாச்சி குடுத்தது. நான் சாம்பியன். தோஸ்து தோக்கறவன், ஏன்னா விழறதுல அவன அடிச்சிக்க ஆளு கிடையாது. மாசக்கணக்கா கடலோர மணல்ல பழகியிருந்தான். தாவாக்கட்டைய நெஞ்சுல ஒட்ட வச்சி, ரெண்டு கையையும் விரிச்சி தரையில அடிச்சி, முதுகு முழுக்க ஒரே நேரத்துல படற மாதிரி விழுவான். பாக்கறவங்களுக்கு உயிரு போயிடும். அவன் எழுந்து சிரிப்பான்.

அன்னிக்கு நடந்தத இருபது வருஷமா நான் யாருகிட்டயும் சொல்லல. மூணு தபா அவனத் தூக்கிப் போட்டேன். மூணு தபாவும் நான் ரெண்டு தட்டு, அவன் ரெண்டு தட்டு, எல்லாம் முறையா நடந்துது. ஆனா விசில் பூரா அவனுக்கு. அவன் விழற அழகப் பாத்து தெருவே "இன்னொரு தபா! இன்னொரு தபா!"ன்னு கத்துது. தூக்கறது நானு, ஜெயிக்கறது நானு, பேரு மட்டும் அவனுக்கா? வயிறு எரிஞ்சுது. சொல்ல வெக்கமாதான் கீது, பொறாம, வேற ஒரு மண்ணும் இல்ல. நாலாவது தபா அவன் கண்ணுல எறங்கின வேர்வையத் தொடச்சிக்கினு இருக்க சொல்ல, தட்டாமலே தூக்கிட்டேன். தூக்கின வேகத்துலயே போட்டேன். சாக்கு ஓரத்துல வலது தோளு மொதல்ல எறங்குச்சு. அதுவும் நடிப்புன்னு நெனச்சி தெரு இன்னும் ஜாஸ்தியா விசிலடிச்சுது. அவன் எழுந்திரிக்கல.

மறுநாளு பெரியாஸ்பத்திரியில கண்ணு முழிச்சான். அவங்க அம்மா கால்மாட்டுல நின்னுக்கினு இருந்தாங்க. என்னக் கிட்ட வரச் சொல்லி மெதுவா கேட்டான்: "மாமு, ஒண்ணும் நெனப்புல இல்லடா. நான் திருப்பித் தட்னேனா?"

"தட்டுன"ன்னு சொல்லிட்டேன். ஒரே வார்த்த. அவங்க அம்மா மூஞ்சப் பாத்ததும் வேற ஒண்ணும் வாயில வரல.

"அப்ப நான்தான் ரெடியாவாம தட்டிட்டேன்"னு சொல்லிட்டு கண்ண மூடிக்கினான்.

அதுக்கப்புறம் அவன் வலது கை தோளுக்கு மேல எழும்பவே இல்ல. ட்ரைலர் ஓட்டணும்னு கனா கண்டவன் அவன். ஸ்டீரிங்க ஒடிக்க முடியலன்னதும் முதலாளி அவன லாரிய எடை போடற மேடையில சீட்டு எழுத உக்கார வச்சிட்டாரு. நான் ஹெவி லைசென்ஸ் எடுத்து, அவன் ஓட்ட வேண்டிய ட்ரைலர ஓட்டறேன். தெனம் லோடோட அவன் மேடையில ஏறுவேன். அவன் எடை எடுத்து, சீட்ட நீட்டி, ஜன்னலுக்குக் கீழ இருக்கற தகரத்துல இடது கையால ரெண்டு தட்டு தட்டுவான். நான் வண்டிய எடுப்பேன்.

சொல்லிடலாம்னு பல தபா கெளம்பினேன். அவன் கல்யாணத்தன்னிக்கு மாலைய மாட்ட கை எழும்பாம, பொண்ணு குனிஞ்சி தலையக் குடுத்துது. மண்டபமே சிரிச்சுது, அவனும் சிரிச்சான். நான் கை கழுவப் போற மாதிரி வெளிய போயி நின்னேன். சொல்லல. தில்லு இல்ல. ரோட்டுல எவன் குறுக்க வந்தாலும் சட்டையப் புடிக்கற எனக்கு, இந்த ஒரு விஷயத்துல தில்லு இல்ல.

கையப் பத்தி அவன் பேசவே மாட்டான். ஆனா ஒவ்வொரு பொங்கலுக்கும் தெருப் பசங்க வந்து விழறதுக்குக் கத்துக் குடுன்னு கேப்பானுங்க. "எனக்கே வுயத் தெரியாது நைனா, போயி வேற ஆளப் பாரு"ன்னு ஒதுங்கிடுவான். அண்ணாச்சி வேற, விழத் தெரியாத பயலுக்கு மல்யுத்தம் ஒரு கேடான்னு கிண்டலடிப்பாரு. நானும் கூட சேந்து சிரிச்சிருக்கேன். தூ!

போன மாசம் தோஸ்து எனக்கு ஒரு வீடியோ அனுப்பிச்சான். நம்மாளு ரிட்டயர் ஆவுறான். பழைய சாம்பியனுங்க எல்லாம் அதுல அவனப் பத்தி பேசறானுங்க. அந்த இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிஞ்சுது, மீதிய என் பொண்ணு சொன்னா. ஒருத்தன், கதவு ரொம்பற ஒடம்பு, கண்ணு கலங்கி சொல்றான்: இத்தன வருஷத்துல அவன் கையில ஒருத்தனுக்கும் எலும்பு ஒடஞ்சதில்ல, அவன் தூக்கினா நாங்க பயமில்லாம கண்ண மூடிக்குவோம்னு. "நல்ல மனுஷன்ல்ல பா?"ன்னா என் பொண்ணு. போனக் கவுத்து வச்சிட்டேன்.

அந்த வாரம் பூரா அண்ணாச்சி கடையில இதே பேச்சு. "பெல்ட்டே இல்லாதவனுக்கு என்னல பாராட்டு?"ன்னாரு அண்ணாச்சி. தோஸ்துக்குக் கோவம் வந்துடுச்சி. "பெல்ட்ட எவன் வேணா மாட்டுவான் அண்ணாச்சி. நம்மாளு எறக்கி வுட்டவன் எல்லாம் நடந்து வூட்டுக்குப் போயிகீறான். அத்த எவனாவது எண்ணிகீறானா?"

கடைசி சண்டைய ஞாயித்துக்கிழம விடிகாலையில லைவா போட்டான். மூணு பேரும் கடையில உக்காந்தோம். அண்ணாச்சி வழக்கம் போல வெள்ளச் சட்டையில. நம்மாளு கடைசி தபாவும் தோக்கத்தான் போறான்னு தெரியும். ஒரு புதுப்பையன் அவன் இடுப்பக் கட்டிப் புடிச்சி, முதுகுல ரெண்டு தட்டு தட்டினான். நம்மாளு திருப்பித் தட்டல. குனிஞ்சபடி மூச்சு வாங்கிக்கினு இருந்தான். வயசாச்சில்ல. சுத்தி இருக்கற ஜனம் தூக்கு தூக்குன்னு கத்துது. பையன் அசையல. புடிச்ச புடியில நின்னுக்கினே இருந்தான். அப்புறம் நம்மாளு கை மெதுவா எழும்பி ரெண்டு தட்டு தட்டுச்சு. பையன் தூக்கினான். நம்மாளு விழுந்தான். என்னா அழகு தெரியுமா!

தோஸ்து இடது கையால கண்ணத் தொடச்சான். "பாத்தியா மாமு, எவ்ளோ கத்துனாலும் வெயிட் பண்றான் பாரு. நம்மாளும் ரெடியானாதான் தட்றான். நான் ஒரு கஸ்மாலம், ரெடியாவாமலே தட்டிட்டேன்."

"அதான் அன்னைக்கே சொன்னேம்லா, விழத் தெரியாத பயன்னு"ன்னு அண்ணாச்சி செருப்பத் தேடினாரு.

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி!"ன்னு கத்திட்டேன். ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தாங்க. நான் தோஸ்து பக்கம் திரும்பினேன். "நீ தட்டல மாமு."

"இன்னா?"

"நீ தட்டல. நான் ஒன்னக் கேக்கவே இல்ல. எல்லாரும் ஒனக்கே விசிலடிச்சானுங்க, காண்டாயி வேணும்னேதான் தூக்கிப் போட்டேன். ஆஸ்பத்திரியில நீ கேக்க சொல்ல பொய் சொல்லிட்டேன்."

அண்ணாச்சி ஒத்தச் செருப்போட நின்னாரு. டிவியில ஜனமெல்லாம் எழுந்து நின்னு, மொத தபாவா நம்மாளுக்குக் கை தட்டிக்கினு இருந்துது. தோஸ்து எழுந்து என்ன அறைவான்னு நெனச்சேன். அறைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவன் வலது கைய மடியில எடுத்து வச்சிக்கினு அதையே பாத்தான்.

"கை போனா போவட்டும்டா," அப்டின்னான். "இருவது வருஷமா எனக்கு வுயத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா."

அதோட எழுந்து போயிட்டான். நம்மாளு கையசைச்சிட்டுப் போறத அவன் பாக்கவே இல்ல. அண்ணாச்சி டிவிய நிறுத்தினாரு.

மறுநாளு காலையில லோடோட எடை மேடையில ஏறினேன். ஏறாம இருக்க முடியாது, பொழப்பு அதுதான். அவன் எடை எடுத்தான். என்னப் பாக்காம சீட்ட நீட்டினான். தகரத்துல தட்டல. ஜன்னல மூடிட்டு உள்ள குனிஞ்சி எழுதிக்கினு இருந்தான்.

நான் வண்டிய எடுக்கல. பின்னாடி நாலு லாரி வந்து நின்னுடுச்சி. ஹாரன் காதப் பொளக்குது. ஒரு டிரைவரு எறங்கி வந்து எங்க அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டினான். வேற நாளா இருந்தா ஸ்பானரோட எறங்கியிருப்பேன். அன்னிக்கு ஸ்டீரிங்கப் புடிச்சிக்கினு, அந்தத் தகரத்தையே பாத்துக்கினு உக்காந்திருந்தேன். அவன் தட்டாம எடுக்கறதில்லன்னு உக்காந்திருந்தேன்.

ரொம்ப நேரம் கழிச்சி ஜன்னலத் தொறந்தான். என் மூஞ்சிய நேரா பாத்தான்.

"இப்ப இன்னாத்துக்குடா வெயிட் பண்ற?"

ஜன்னல மூடிட்டான்.