அண்ணன் வாயால் எழுதிய நிரல்

முதல் முறை அண்ணன் கணினியைப் பார்த்து "நண்டு" என்று சொன்னபோது நான் சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். சாப்பிட ஏதோ கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். வெளியே வந்து பார்த்தால் திரையில் ஒரு நெளிந்த அடைப்புக்குறி நின்றது. அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. அண்ணி காலையில் எடுத்து வைத்துவிட்டுப் போன அதே இடத்தில், நாற்காலியின் பிடிகளில், அவருடைய கைகள் கிடந்தன. மறுபடியும் "நண்டு" என்றார். இன்னொரு அடைப்புக்குறி வந்தது. மருத்துவமனைக்கு அலையத் தொடங்கிய பிறகு அவர் முகத்தில் நான் காணாத ஒரு திருப்தி அன்று இருந்தது.

அண்ணன் ஒரு தொழிற்சாலையில் நிரலாளராக இருந்தார். அங்கே தயாராகும் மின்னணுப் பலகைகளில் பழுது உண்டா என்று சோதிக்கும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுவது அவர் வேலை. சின்ன வயதிலிருந்தே அதிகம் பேசமாட்டார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஒரு புன்னகையோடு சரி. ஆனால் விசைப்பலகையில் உட்கார்ந்துவிட்டால் அவர் விரல்கள் ஓடுவதை நின்று பார்க்கத் தோன்றும். அந்த விரல்களைத்தான் நோய் முதலில் தொட்டது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றார். பிறகு ஓர் எழுத்தைத் தட்டினால் பக்கத்து எழுத்து விழுகிறது என்றார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும் நோய், போனது திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நிர்வாகம் அவரைச் சம்பளத்தோடு ஓய்வில் இருக்கச் சொன்னது. அண்ணன் சம்மதிக்கவில்லை. அப்போது அவர் கையில் ஒரு வேலை இருந்தது. சோதனை நிரலைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார். "சும்மா வீட்டுல உக்காந்தா நான் நோயாளி லா. இத முடிச்சுக் குடுக்கிற வரைக்கும் நான் வேலைக்காரன்" என்றார். அவர் அவ்வளவு பேசியதே அதிகம்.

அண்ணி, எங்கள் பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். விடிவதற்கு முன்பே புறப்பட்டுப் பாலம் தாண்டிப் போய் மாலையில்தான் வருவார். நான் கெலுகோரில் குடியிருக்கிறேன், தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பள்ளி விட்டதும் நேரே சுங்கை பினாங்கில் அவர்களுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போய், அண்ணி வரும்வரை அண்ணனோடு இருப்பது என் வழக்கமானது.

நிரல் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு மென்பொருள் உண்டு. எடிட்டர் என்பார்கள். எழுத, திருத்த, பிழை தேட எல்லாம் அதற்குள்தான். அண்ணன் பல வருடமாக ஒரே எடிட்டரில் வேலை செய்தவர். அதைக் குரலால் ஆட்டிவைக்கும் ஒரு துணை நிரலைத் தேடிப் பிடித்தார். அதில் ஏற்கெனவே ஆங்கிலக் கட்டளைகள் இருந்தன. அவர் ஒன்று சொன்னால் அது வேறொன்று எழுதியது. ஒரு வரியை அழிக்கச் சொன்னால் திரையில் எங்கோ நேரத்தைப் பற்றி ஒரு வாக்கியம் வந்து நின்றது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததெல்லாம் அந்த வாரங்களில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி துணி மடித்துக்கொண்டே, "ஏங்க, அதுக்கு நம்ம இங்கிலீஷ் புரியல போல. நம்ம பேசுற மாதிரியே சொல்லிப் பாருங்களேன்" என்றார். ஒரு சொல்லைத் தன் குரலில் சில முறை சொல்லிப் பதிந்துவிட்டால் போதும், அது எந்த மொழி என்று அந்த நிரல் கேட்பதில்லை என்பது அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்படித்தான் நெளிந்த அடைப்புக்குறி நண்டு ஆனது. சதுர அடைப்புக்குறி பெட்டி. அழிக்க "புவாங்", சேமிக்க "சிம்பான்", செய்ததை மாற்றிப் பழையபடி ஆக்க "பாலேக்". மலாய் பாதி, தமிழ் பாதி, வீட்டில் பேசும் பேச்சு போலவே. ஆனால் சொற்களை விடக் கடினமான ஒன்று இருந்தது. பிழையான இடத்துக்குத் தாவுவதற்கு எந்த விசையை அழுத்துவார் என்று கேட்டால் அண்ணனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அது விரல்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். கண்ணை மூடிக்கொண்டு, அசையாத விரல்கள் மனத்துக்குள் எங்கே போகின்றன என்று பார்த்துவிட்டு, "இடது சுண்டுவிரல்... அப்புறம் மேல" என்பார். நான் அந்த விசைகளை அழுத்திப் பார்ப்பேன். சில நேரம் சரியாக இருக்கும். விரல்களுக்குத் தெரிந்ததையெல்லாம் இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி வாய்க்குக் கற்றுக்கொடுத்தோம்.

பிறகு சில மாதங்கள் அந்த வீட்டில் பகல் முழுக்க அண்ணனின் குரல் கேட்டது. மேல்மாடி அக்கா என்னை மின்தூக்கியில் நிறுத்தி, "உங்க அண்ணே வீட்டுல பாசார் கீசார் போட்டு மீன் விக்கிறாரா? எப்பப் பாத்தாலும் நண்டு, பெட்டின்னு சத்தம்" என்று கேட்டார். அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார்.

மழைக்காலம் தொடங்கியபோது கணினி நண்டை மறந்தது. இரண்டு, மூன்று முறை சொன்னால்தான் ஏற்கும். ஒலிவாங்கிதான் கோளாறு என்று அண்ணன் புதிதாக ஒன்று வாங்கச் சொன்னார். வாங்கினோம். காற்றாடியை நிறுத்தினோம், சன்னலைச் சாத்தினோம். வியர்த்துக்கொண்டே "நண்டு, நண்டு" என்றார். எனக்கு "நந்து" என்று கேட்டது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் நாக்கைக் கேட்டே பழகிய காது என்னுடையது.

"அண்ணே, மைக் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "அப்ப என்னா கெட்டுப்போச்சு?"

"நாக்கு மேல போக மாட்டேங்குது."

கைக்கு அடுத்தது பேச்சு என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். இவ்வளவு சீக்கிரம் என்று நாங்கள் நினைக்கவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன், "நீ டீச்சர்தானே. எந்த எழுத்து இன்னும் இருக்கு, பாத்துச் சொல்லு" என்றார்.

அன்று அகர வரிசையை முழுவதும் சொல்ல வைத்துக் கேட்டேன். ழ போயிருந்தது. ட, ண, ர மங்கியிருந்தன. உதடு சேர்ந்தால் வருகிற எழுத்துகள் தெளிவாக இருந்தன. நாக்கு மேலே போகத் தேவையில்லாத சொற்களாகத் தேடிப் பழையவற்றை மாற்றினோம். அடுத்த மாதம் அவற்றையும் மாற்றினோம். அழிக்கச் சொல்லும் புவாங் "பூ" ஆகி, பிறகு "மா" ஆனது. பிள்ளைகள் பேசத் தொடங்கும்போது முதலில் வரும் ஒலிகளே அண்ணனிடம் கடைசியில் மிஞ்சின. வேலை நத்தையாக நகர்ந்தது. ஒரு வரி எழுத அரை மணி ஆகும். நான் தட்டட்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

நிரல் முடிந்து இயந்திரத்தில் ஏறிய அன்று அவருடைய மேலாளர், ஒரு சீனப் பெண்மணி, அலுவலகத்திலிருந்து காணொளியில் அழைத்தார். பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஏதாவது சொல்லுங்கள் என்றார் அவர். அண்ணன் மலாயில் நன்றி சொல்லப் பார்த்தார். "தெரிமா காசே" என்பதில் "மா" மட்டும்தான் உரக்க வெளியே வந்தது. கேட்டுக்கொண்டே இருந்த கணினி, கட்டளை என்று எண்ணி, அவர் எழுதியிருந்த ஒரு வரியைத் துடைத்துவிட்டது. அன்று விடுப்பில் இருந்த அண்ணி "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் சிரித்தது அண்ணன்தான். தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அந்த வரியை அவரே மீட்டார். பிறகு ஒலிவாங்கியைப் பார்த்து என்னிடம் கண் காட்டினார். கழற்றி வைத்தேன்.

மறுநாள் மாலை அண்ணி வேலை முடிந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன, வீட்டுல யாரும் இல்லியா?" என்றார். நாங்கள் இருவரும் கூடத்தில்தான் இருந்தோம். எந்தச் சத்தமும் இல்லாததால் அப்படித் தோன்றியிருக்கிறது. பையைக்கூட வைக்காமல் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாலத்தில் கார்கள் ஊர்ந்தது, சூப்பர்வைசருக்குப் பிள்ளை பிறந்தது, கேன்டீனில் மீன் நாறியது என்று அன்றைய நாளை ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கினார். அண்ணன் கண்ணை எடுக்காமல் கேட்டார். அன்றிலிருந்து அண்ணன் இறக்கும்வரை அந்த வீட்டில் அண்ணிதான் பேசினார்.

இப்போது அண்ணி வேலை முடிந்து பேருந்தில் வரும்போது எனக்குப் போன் செய்கிறார். புக்கிட் மெர்தாஜாமில் மழை என்பார், புது மேற்பார்வையாளர் சரியில்லை என்பார். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசுவதில்லை.