உருத்திரபுரம் வளாகத்தின் பின்வாசல்

சனிக்கிழமை காலை ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க நாலரைக்கே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியிருந்தது. எங்கள் குடியிருப்பிலிருந்து நெடுங்கேணிச் சந்திக்கு நான்கு கிலோமீற்றர். அப்பா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் வீதி நடுவே யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. அப்பா சைக்கிளை நிறுத்தி, இரண்டு பக்கக் காட்டிலும் சத்தம் எதுவும் இல்லை என்று நிச்சயப்படுத்திய பிறகுதான் மறுபடி மிதித்தார்.

"இறையியல் கல்லூரி இனி உங்கள் வாசலுக்கே வருகிறது" என்று சென்ற மாதம் எங்கள் ஜெபவீட்டில் அறிவித்தார்கள். அந்த வாசல் உருத்திரபுரத்தில் இருந்தது. நெடுங்கேணியிலிருந்து புளியங்குளம், அங்கிருந்து ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டிக் கிளிநொச்சி, பிறகு ஓட்டோ. அறிவித்தவர் மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவர். அவருக்கு அது வாசல்தான்.

ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. இதுவரை போதகராகப் படிக்க விரும்பியவர்கள் தெற்கே போய் மூன்று வருடம் விடுதியில் தங்க வேண்டும். வயலையும் மாட்டையும் விட்டுவிட்டு வன்னியில் யாரால் அது முடியும்? இப்போது வட்டார வளாகம் வந்திருக்கிறது. மாதத்தில் ஒருமுறை வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை வகுப்பு. இரண்டு வருடத்தில் சான்றிதழ். அன்று அதற்கான நேர்முகத் தேர்வு. கல்லூரி அதிபர் ஒரே ஒரு முற்பகல்தான் அங்கே இருப்பார். தவறவிட்டால் அடுத்த வருடம்.

அடுத்த வருடம் வரை எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் ஜெபவீட்டுக்குப் போதகர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசிப்பது நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. போன மாரியில் பக்கத்து வீட்டு மாமா இறந்தபோது வெள்ளத்தால் போதகர் வர முடியவில்லை. அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். சில நாட்களின் பின், வேதப் படிப்புப் படிக்காதவள் செய்த அடக்கம் செல்லாது என்று யாரோ மாமியிடம் சொல்லியிருக்கிறார்கள். மாமி என்னிடம் வந்து அழுதார். போதகரைக் கொண்டு இன்னொருமுறை செய்விக்கலாமா என்று கேட்டார். அந்தக் கேள்வியை இனி ஒருவரும் என்னிடம் கேட்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

புளியங்குளத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்து யாழ்ப்பாண பஸ் ஏறினேன். கிளிநொச்சிக்கு இருநூற்றைம்பது ரூபாய். நின்றாலும் இருந்தாலும் ஒரே காசு. நான் நின்றேன். மாங்குளம் வரை பெரும்பாலும் காடு.

முறிகண்டியில் பஸ் நின்றது. அங்கே பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்தச் சாரதியும் தாண்ட மாட்டார். எல்லோரும் இறங்க, நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி உள்ளேயே நின்றேன்.

"இறங்கேல்லையோ தங்கச்சி?" என்றார் நடத்துனர்.

"நாங்கள் வேதக்காரர்."

"வேதக்காரர் கச்சானும் தின்னமாட்டியளோ? இறங்குங்கோ. பிள்ளையார் ஒண்டும் செய்யமாட்டார்."

இறங்கி நூறு ரூபாய்க்கு வறுத்த கச்சான்கடலை வாங்கினேன்.

கிளிநொச்சியில் எட்டரை மணி. உருத்திரபுரத்துக்கு ஓட்டோவில் அறுநூறு ரூபாய் கேட்டார்கள். பேரம் பேச நேரம் இல்லை.

"கம்பசோ?" என்றார் ஓட்டோக்காரர். "அது நெல்லுக் களஞ்சியமெல்லோ. போன கிழமைதான் பெயின்ற் அடிச்சவை." கொஞ்சத் தூரம் போனதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "பொம்பிளையளும் அந்தப் படிப்புப் படிக்கலாமோ?"

"படிக்கலாம்."

"அப்ப இந்த எஞ்சினுக்கும் ஒரு ஜெபத்தைப் போட்டுவிடுங்கோ. ரெண்டு கிழமையா இருமுது."

வளாகம் ஆலயத்தை ஒட்டிய பழைய களஞ்சியம்தான். ஒரு நீண்ட மண்டபம், சுற்றிவர விறாந்தை, புது மஞ்சள் வர்ணம். முற்றத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. வாசலில் வளாகக் குழுவின் செயலாளர் ரஞ்சினி அன்ரி நின்றார். ஆலயக் கூட்டங்களில் தூரத்தில் பார்த்திருக்கிறேன்.

"பிள்ளை எங்கையிருந்து?"

"நெடுங்கேணி."

"ஆரின்ர மேள்?"

"கமலத்தின்ர."

அவருடைய முகம் மலர்ந்தது. "கமலத்தின்ர மேளோ. நல்லது, நேரத்துக்கு வந்திட்டியள். பின்பக்கத்தாலை போங்கோ, குசினி அங்கால. அம்மா வரேல்லையோ?"

எங்கள் ஆட்கள் மலையகத்துத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. இந்த வட்டாரத்தில் எந்த ஆலயத்தில் விசேஷம் என்றாலும் எங்கள் குடியிருப்புப் பெண்கள் போய்ச் சமைப்பார்கள். அம்மாவின் கத்தரிக்காய்க் குழம்பைத் தெரியாத போதகர் கிடையாது. ஆகவே கமலத்தின் மகள் வந்தால் குசினிக்கு வந்தவள். ரஞ்சினி அன்ரி என்னை இகழவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் என்னைக் கொதிக்க வைத்தது.

"நான் நேர்முகத்துக்கு வந்தனான் அன்ரி."

"ஓமோம். ஆம்பிளையளை முடிச்சுப்போட்டுக் கூப்பிடுவினம். அதுக்குள்ள ஒரு கை குடுங்கோ."

குசினிக்குப் போனேன். கை கொடுக்க அல்ல, யார் இருக்கிறார்கள் என்று பார்க்க. வட்டக்கச்சியிலிருந்து வந்த ஸ்டெல்லா என்ற பெண் நிலத்தில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் எங்கள் ஆட்களில் ஒருத்திதான். வேதாகமம் வைத்த பை யன்னல் கம்பியில் தொங்கியது.

"நீரும் நேர்முகத்துக்கோ?"

"ஓம் அக்கா. ஏழு மணிக்கே வந்திட்டன். அப்பவே தொடங்கிட்டினம். எங்களைப் பிறகு கூப்பிடுவினமாம்."

"உள்ளுக்கு எத்தினை பேர் போயிட்டினம்?"

"ஒம்பது பேர். எண்ணிக்கொண்டுதான் இருக்கிறன்."

"வெங்காயத்தையும் எண்ணினீரோ? எழும்பும்."

"கை மணக்குது அக்கா."

"மணக்கட்டும்."

இரண்டு பேரும் முன்பக்கமாகச் சுற்றி வந்து மண்டபத்துக்குள் போனோம். அதிபர் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதெல்லோ. பொம்பிளையள் ஒருத்தரும் வரேல்லை எண்டு சொன்னவை."

"வந்தவை ஐயா," என்றேன். "வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தவை."

அவர் கண்ணாடியைத் திரும்ப எடுத்துப் போட்டார். ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். மாமாவின் அடக்கத்தைச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது, தாழ்த்தவில்லை. பிறகு ஸ்டெல்லாவிடம் திரும்பி, "ஏன் பிள்ளை அழுகிறீர்?" என்றார்.

"அழேல்லை ஐயா. வெங்காயம்."

இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. தேநீரோடு உள்ளே வந்த ரஞ்சினி அன்ரி அதைக் கேட்டு உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு சொன்னார்: "ஆம்பிளையள் மண்டபத்திலை தங்குவினம். பொம்பிளையள் காலமை வந்து பின்னேரம் போகலாம்."

"எந்த பஸ்ஸிலை அன்ரி?"

சனி, ஞாயிறுகளில் வகுப்பு காலை எட்டு மணிக்குத் தொடங்கும். முதல் பஸ்ஸைப் பிடித்தும் அன்று நான் வந்து சேர்ந்தது ஒன்பதுக்கு.

"நாங்கள் மண்டபத்திலை படுக்கிறம்," என்றேன். "ஆம்பிளையள் விறாந்தையிலை படுக்கட்டும்."

அதிபர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"குமர்ப்பிள்ளையள்," என்றார் ரஞ்சினி அன்ரி. "இரவிலை ஒண்டு நடந்தால் ஆர் பொறுப்பு?"

"போன நத்தார்ப் பண்டிகைக்குச் சமைக்க வந்த எங்கட ஆக்கள் ரெண்டு இரவு இந்தக் குசினி நிலத்திலைதான் படுத்தவை அன்ரி. கதவுக்குக் கொண்டியும் இல்லை. அப்ப ஆர் பொறுப்பு?"

அன்ரி தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அதிபர் விறாந்தையை எட்டிப் பார்த்தார். மழைக்குச் சாரல் அடிக்குமே என்றார். அடிக்கும் என்றேன். கடைசியில், மண்டபம் பெண்களுக்கு, விறாந்தை ஆண்களுக்கு என்று முடிவாயிற்று. சாரலை மறைக்க ஒரு படங்கு வாங்கிக் கட்டுவார்களாம்.

திரும்பும்போது பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. வென்றுவிட்டுப் போகிறவளுக்கு மனம் ஆற வேண்டும். எனக்கு ஆறவில்லை. கல்லூரியை ஊருக்குக் கொண்டுவருகிறவர்கள் ஊரையும் அப்படியே உள்ளே கூட்டிவருகிறார்கள்: யார் கதிரையில் இருப்பது, யார் அடுப்படியில் நிற்பது என்பதுவரை.

மாங்குளம் நெருங்கும்போது அம்மா தொலைபேசியில் அழைத்தார். எங்களுக்கு வீட்டில் ஒரு தமிழ், வெளியில் ஒரு தமிழ்.

"புள்ள, சீட்டு கெடச்சிருச்சாமே. ரஞ்சினி அன்ரி சொன்னாங்க."

"அவங்க எதுக்கு உங்களுக்குப் போன் பண்ணாங்க?"

"மொத வகுப்புக்குச் சமைக்க வரச் சொன்னாங்க. வர்றேன்னு சொல்லிட்டேன். நீயும் அங்கதான இருப்ப, ஒண்ணாவே போயிறலாம்."

அம்மாவின் குரலில் அத்தனை மகிழ்ச்சி. என் படிப்புச் செய்திகூடச் சமையலுக்கு ஆள் கூப்பிட்ட வழியாகத்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"வாங்கம்மா," என்றேன். "ஆனா மத்தியானம் நீங்களும் மண்டபத்துல கதிரையில உக்காந்து எங்களோட சாப்பிடணும்."



"அப்ப யாரு புள்ள பரிமாறுறது?"

"படிக்க வர்ற ஆம்பளைங்க."

அம்மா சிரிக்கத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற அப்பாவிடமும் சொன்னார். அவரும் சிரிப்பது கேட்டது. பகிடி இல்லை என்று நான் சொல்வதற்குள் பஸ் காட்டுக்குள் போய்விட்டது. தொடர்பு அறுந்தது.