கண்டலின் மற்றப் பாதி

மரங்களின் டிஎன்ஏயை அளப்பதற்கு இலை பறிக்கிற உத்தியோகத்தில் பாதி நாள் சேற்றோடு போகும், மீதி நாள் அந்தச் சேற்றைக் கழுவுவதிலேயே போகும். இதே பாடு பட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பூ மட்டும்

கடல்நீர் ஏறி வற்றும் குறிஞ்சாக்கேணிக் களப்பில் எங்களுக்குத் தோணி ஓட்டுகிறவர் நிஜாம் நானா. அங்கே கண்டல் என்கிற அலையாத்தி மரங்களுக்கு நடுவில் ஒரு மரம் மட்டும் மற்றவற்றைவிட ஓராள் உயரம். அடியில் தண்ணீர் தெரியாத அளவுக்குப் பூ கொட்டிக் கிடந்தது. ஆனால் கண்டலில் முருங்கைக்காய் மாதிரித் தொங்குமே நாற்று, அது ஒன்றுகூட இல்லை. நான் எட்டி இலை பறித்தேன். நானா தோணியை மரத்தில் கட்டாமல் துடுப்பைப் பிடித்தபடியே நின்றார். ஏன் என்று கேட்டேன்.

"கொக்குக்கூட இதில குந்திறல்ல, மிஸ். கெதியா ஒடிங்க."

நடு அளவு

ஆய்வுகூடத்தில் இலையை நறுக்கிச் சாயமேற்றி அளக்கிறவள் சுலோசனா. களப்பில் நிற்கிற கண்டலின் டிஎன்ஏவுக்கு ஓர் அளவு, இதன் சொந்தக்கார இனம் ஒன்றுக்கு வேறோர் அளவு. நான் பறித்த இலை இரண்டுக்கும் நடுவில் நின்றது. கலப்பு மரம், அதுதான் பூ காயாகவில்லை. புது இலை அனுப்பினேன், அதே அளவு. ஆனால் அந்த மற்ற இனத்தில் ஒரு மரம்கூட எங்கள் களப்பில் இல்லை. மரம் நிற்கிற கரை முழுக்கத் தேடிவிட்டோம்.

சுலோசனா தொலைபேசியில் சொன்னாள்: "பிள்ளை நிக்குது, அக்கா. தகப்பனைத்தான் காணேல்லை."

அக்கரை

இதைச் சொன்னதும் நானா தோணியை அக்கரைக்குத் திருப்பினார். நீர் வற்றிய நேரம். சேற்றில் கறுத்த அடிக்கட்டைகள் வரிவரியாக நின்றன. தண்டு இல்லை, வளைந்த வேர்கள் மட்டும் எதையோ தாங்குவதுபோல ஊன்றிக்கொண்டிருந்தன. சண்டைக் காலத்தில் யாரும் ஒளியக்கூடாதென்று வெட்டிய காடு. ஒரு கட்டையைத் தொட்டேன், உள்ளே பொத்தல். தகப்பன் மரம் இதற்குள் நின்றிருக்கலாம். ஆனால் எங்கள் கருவிக்கு உயிருள்ள இலை வேண்டும், செத்த மரத்தை அளக்க ஏலாது. போவோம் என்றேன். நானா அசையவில்லை.

"இதுக்குள்ள ஓடிப்போய் ஒளிச்ச ஆக்களையும் நாங்க பிறகு காணல்ல, மிஸ்."

ஒரு கிளை

இறங்குதுறை கட்ட அந்த உயர மரத்தைத் தறிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். மனுக் கொடுத்தும் பலனில்லை. கிளைகளில் பட்டை சீவி, தென்னந்தும்பும் சேறும் வைத்துக் கட்டி, வேர்விடப் பதி போட்டேன். ஒன்றைத் தவிர எல்லாம் காய்ந்தன. வேர்விட்ட அந்த ஒன்றை எங்கே நடுவது என்று நான் யோசிக்க முதல், நானா அதை வாங்கிக்கொண்டு அக்கரைச் சேற்றில் இறங்கினார். கட்டைகளுக்கு நடுவில் ஊன்றி, சுற்றிவரப் பார்த்தார். யாருக்கோ கேட்கக்கூடாதென்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"அதுட ஆக்களோடயே இருக்கட்டும்."

காணாமற்போனவர்களையும் தேட வேண்டிவரும் என்று வேலைக்கு விண்ணப்பம் கோரியபோது ஒரு வரி போட்டிருந்தால், நான் கொஞ்சம் யோசித்திருப்பேன்.