பட்டியலில் நான் மூன்று பேர்

ஆய்விதழ் எங்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தது. ஆய்வைப் பற்றி யாரும் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. துணைநூல் பட்டியல் இதழின் முறைப்படி இல்லை, ஒரு வாரத்துக்குள் சரிசெய்து அனுப்பினால்தான் மதிப்பீட்டுக்குப் போகும் என்று மட்டும் மின்னஞ்சல் வந்தது.

அப்போது நான் ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியின் மண் ஆய்வகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். பீடோர் பக்கம் முன்பு ரப்பர்த் தோட்டங்களாக இருந்த நிலத்தில், அந்தக் காலத்தில் அடித்த களைக்கொல்லி மருந்து இன்னும் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதுதான் கட்டுரை. துறைத்தலைவர் பெயரும் என் பெயரும் அதில் இருந்தன. மண் அள்ளியது, சலித்தது, கருவியில் ஓட்டியது எல்லாம் நான். துணைநூல் பட்டியலும் என் தலையில்தான் விழுந்தது. வருஷக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிய இருந்தது. புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்பது, என் பெயரில் எத்தனை கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே அம்மா சமையலுக்கு நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் எண் போட்டு அடுக்கியிருந்த பட்டியலை ஆசிரியர் பெயர், ஆண்டு என்று அகரவரிசைக்கு மாற்றவேண்டும். இதழின் பெயரைச் சுருக்கிச் சாய்வெழுத்தில் போடவேண்டும். பக்க எண்களுக்கு நடுவில் சின்னக் கோடு கூடாது, கொஞ்சம் நீளமான கோடு வேண்டும். இதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. ஆனால் மனிதர்களின் பெயரில் எது குடும்பப் பெயர் என்பது அதற்குத் தெரியாது. சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முதலிலேயே வரும். மென்பொருளோ கடைசிப் பெயரைத் தூக்கி முன்னால் வைத்துவிடும். ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

அப்படி வரும்போதுதான் என்னுடைய பழைய கட்டுரைகள் எதிர்ப்பட்டன. மூன்று இருந்தன. என் அடையாள அட்டையில் முதலில் என் பெயர், பிறகு ஒரு சாய்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஏ, பி என்ற எழுத்துகள், பிறகு அப்பாவின் பெயர். மலாயில் அனாக் பெரம்புவான், இன்னாருடைய மகள் என்று அர்த்தம். குடும்பப் பெயர் என்று ஒன்று எங்களுக்கு ஏது? முதல் இதழ் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு என்னை ஓரெழுத்தாகச் சுருக்கியிருந்தது. இரண்டாவது இதழ் அந்த ஏபியையே குடும்பப் பெயராக்கிவிட்டது. மூன்றாவதில்தான் என் பெயர் முழுதாக இருந்தது. வெளியானபடியே குறிப்பிடவேண்டும் என்பது விதி. ஆகவே ஒரே பட்டியலில், மூன்று வெவ்வேறு இடங்களில், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேராக நான் கிடந்தேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் திரையையே வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கேட்டார்.

"அதுல ஒன் பேரு எங்க இருக்கு? காட்டு."

முதல் கட்டுரையின் மேல் விரலை வைத்தேன். "இந்த ஒரு எழுத்துதாம்மா நானு."

"அப்ப முன்னுக்கு இருக்கிறது?"

"அப்பா பேரு."

நெத்திலி கிள்ளிய கை நின்றது. நான் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, ஜொகூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் போனவர் அப்பா. இருக்கிறாரா இல்லையா என்பதே எங்களுக்குத் தெரியாது. அதன்பிறகு அம்மா விடியலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். மதியத்தில் மருந்து நிரப்பிய தோம்புக் கலனை முதுகில் மாட்டிக்கொண்டு களைக்கொல்லி அடிக்கப் போனார். அவருடைய கால் நகங்கள் இன்றைக்கும் சரியாக வளர்வதில்லை.

"அந்த ஆளு மண்ணு அள்ளுனாரா, மருந்து அடிச்சாரா? அவரு பேரு எதுக்கு முன்னுக்கு வருது?"

"வெள்ளக்காரன் முறைம்மா. கடைசிப் பேரத்தான் முன்னுக்குப் போடுவான்."

"என் பேரு எங்கயாச்சும் இருக்கா?"

"இல்லம்மா."

"ம்" என்றார். நெத்திலியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பட்டியலை முடித்து மறுபடி அனுப்பும்போது, இதழின் இணையப் பக்கம் என் பெயருக்கு இரண்டு கட்டங்கள் காட்டியது. இரண்டாவது கட்டம் குடும்பப் பெயருக்கானது. காலியாக விட்டால் மேலே போக விடவில்லை. அப்பாவின் பெயரைத் தட்டத் தொடங்கினேன். அம்மாவின் கேள்வி காதிலேயே இருந்தது. அழித்துவிட்டு, என் பெயரையே அங்கேயும் போட்டேன்.

கட்டுரை மதிப்பீட்டில் இருந்தபோது துறைத்தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"சிஸ்டத்துல ஒங்க பேருக்கு ஒரு பேப்பர்தான் காட்டுது லா."

"மூணு இருக்கு டாக்டர். ஒங்களுக்கே தெரியுமே."

"எனக்குத் தெரியும்மா. ஆனா மேல உள்ளவங்க என்னைய கேக்கல, சிஸ்டத்தத்தான் பாக்கிறாங்க. மாசக் கடைசிக்குள்ள சரிபண்ணிட்டு வாங்க."

கெட்ட மனிதர் அல்ல. எனக்காக ஒரு கடிதம்கூட எழுதினார். ஆனால் பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கல்லூரி நூலகத்தில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். தமிழ் முஸ்லிம் பெண், என்னைவிட இளையவள். மதிய நேரத்தில் தன் அண்ணனுடைய உணவுக்கடைக்கு என்னை அழைத்துப்போய், மூலை மேசையில் கணினியைத் திறந்து வைத்தாள். மூன்று பேரையும் ஒரே ஆளாக இணைக்கும் வழி அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஈசிதான் க்கா. பேப்பர்ல இருக்கிற பழைய ஈமெயிலுக்கு ஒரு கோட் நம்பரு அனுப்புவான். அதப் போட்டா நீங்கதான்னு ஒத்துக்குவான்."

பெயர் மாறிப்போன அந்த இரண்டு கட்டுரைகளும் நான் முன்பு வேலை பார்த்த ஒரு சின்னக் கல்லூரியில் எழுதியவை. அதை மூடிப் பல வருஷம் ஆகிறது. மின்னஞ்சலும் அதோடு போயிற்று. சொன்னேன்.

"அலாமாக்" என்று தலையில் கை வைத்தாள். "சூசா லா அக்கா, கஷ்டந்தான். சரி, புக் போட்டவனுக்கே எழுதுவோம்."

இரண்டு இதழ்களுக்கும் எழுதினோம். அடையாள அட்டையின் நகலை இணைத்தோம். சாய்கோடு என்றால் என்ன, மகள் என்றால் என்ன என்று விளக்கினோம். ஓர் இதழிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்று மரியாதையாகப் பதில் எழுதியது: பெயர் நீங்கள் தந்தபடியே வெளியானது, பதிவை மாற்றுவதற்கில்லை. வாசித்துவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அவளுடைய அண்ணன் வந்து, "இன்னொன்னு போடவா க்கா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மேசையைக் காலிசெய்த அன்று துறைத்தலைவர் வெளியூரில் இருந்தார். தோழிதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார்வரை வந்தாள்.

கட்டுரை அதற்கப்புறம் வெளிவந்தது. துணைநூல் பட்டியலில் ஒரு பிழை இல்லை; ஒவ்வொரு புள்ளியும் அதன் இடத்தில் இருந்தது. மேலே என் பெயர் இரண்டு தடவை, பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருந்தது. அந்தப் பெயரில் ஒரே ஒரு கட்டுரை எழுதிய புது ஆளாக நான் இன்னொரு தடவை பதிவாகியிருந்தேன். அப்பாவின் பெயர் எங்கேயும் இல்லை. அதற்காகவாவது சந்தோஷப்படலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. அம்மாவிடம் காட்டவுமில்லை. அவரும் கேட்கவில்லை.

இப்போது சிம்பாங் பூலாயில் சுண்ணாம்புக்கல் அரைக்கும் தொழிற்சாலையில் தூளைச் சோதிக்கும் வேலை. நாள் முழுக்க ஒரே சோதனைதான். யாரும் எதுவும் எழுதச் சொல்வதில்லை. போன மாதம் பக்கத்து மேசைக்காரர், "எம் மக கடைசி வருஷம் படிக்கிறா. ரிப்போட்டுல ரெஃபரன்ஸ் எப்படிப் போடுறதுன்னு தெரியலியாம். ஒங்களுக்கு அதெல்லாம் தெரியுமாக்கா?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லிவிட்டு, அடுத்த தூள் தட்டை எடுத்தேன்.