எங்க வூட்ல புதுச்சேரி கிடைக்கல

நானும் என் நாத்தனார் செல்வியும் போன்ல லூடோ ஆடுவோம். அடுத்த அப்டேட்ல, போன் காட்டுற இடத்தை வச்சு மாநில வாரியா ரேங்க் வருதாம்.

"புதுச்சேரி சின்னதுதானே அண்ணி, நம்ம பேரு மொதப் பக்கத்துலயே வந்துடும்"னு செல்விக்கு ஒரே குஷி.

எனக்குக் கவலை. எங்க ஊரு சோரியாங்குப்பம் புதுச்சேரி எல்லையில இருக்கறதால, எங்க வூட்ல போன் எப்பவும் கடலூர்னுதான் காட்டும். தமிழ்நாட்டுக் கூட்டத்துல நாங்க எங்க தெரியப்போறோம்?

இன்னைக்கு சாயந்திரம் போனும் கையுமா ரெண்டு பேரும் தெருத்தெருவா நடந்தோம். ஒரு இடத்துல புதுச்சேரின்னு வந்துடுச்சு. சந்தோஷமா நிமிர்ந்து பார்த்தா, பிராந்திக்கடை வாசல்.

"தெனம் இங்க நின்னு ஆடினா, லிஸ்ட்ல பேரு வர்றதுக்குள்ள ஊர்ல பேரு கெட்டுடும் அண்ணி"ன்னா செல்வி.

சோரியாங்குப்பத்துல வேற எங்கனா புதுச்சேரி கிடைச்சா சொல்லுங்கப்பா.